எந்த வருத்தம்?

ஒரு காலத்தில் எம்மிடம் தமிழ் படித்த மாணவி ஒருவர் இப்போது டொக்டராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுக்கு அவர் வந்தபோது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தாட்கட்டு ஒன்றும் இருந்தது. நெடுநாள் நோயாளர்கள் தம் நோயோடு எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டறிவதற்கான வினாக்கொத்து அது. மூலம் ஆங்கிலம். தமிழாக்கமோ கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

“சேர், எழுத்துப்பிழை, சந்திப்பிழை இருந்தால் ஒருக்காப் பார்த்துத் தாங்கோ. அடுத்த மாசம் வேலை தொடங்கவேணும்” என்றார்.

முப்பது வருட காலம் விடைத்தாள் திருத்திய கை எமது கை. சிவப்புப் பேனாவை எடுத்தோம். எழுத்துப்பிழை ஒன்று, சந்திப்பிழை மூன்று, ஓரிடத்தில் ஒருமை பன்மை மயக்கம். அரை மணி நேரத்தில் திருத்தி, “நல்ல தமிழ்” என்று சான்றும் வழங்கிவிட்டோம்.

அன்று மாலையே, எமது மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வாழும் ஆச்சி ஒருவரிடம் அதை வாசித்துப் பார்க்கலாம் என்று டொக்டர் விரும்பினார். 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து சனம் முழுவதும் இரவோடிரவாகப் பெயர்ந்தபோது ஊரை விட்டுப் புறப்பட்டவர். மகளோடு இங்கே இருக்கிறார். கடந்த சில கிழமைகளில் எவ்வளவு நேரம் வருத்தமாக இருந்தீர்கள் என்ற வினா வந்தது. ஆச்சி ஒரு கணமும் தயங்கவில்லை.

“வருத்தம் எண்டால், பிள்ளை, எனக்கு இருவது வரியமா இருக்குத்தானே. சீனி வருத்தம், பிறசர், இப்ப கண்ணும் தெரியாது. எல்லா நேரமும் எண்டு எழுதன்.”

டொக்டரின் பேனா ‘எல்லா நேரமும்’ என்ற கட்டத்தை நோக்கி நகர்ந்தது, பிறகு நின்றது. அவர் எம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

தமிழகத்தில் ‘வருத்தம்’ என்பது துயரம். இலங்கையின் வடக்கே அது நோய். ‘என்ன வருத்தம்?’ என்று கேட்டால் மனத்தின் கவலையை எவரும் கூறார். காய்ச்சலையோ தொய்வையோ தான் கூறுவர். இதை எமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாயின் மடியில் கற்ற சொல் அது. ஆயினும் அன்று காலை அந்த வரியை மும்முறை வாசித்த எமது கண்ணுக்கு அது தென்படவில்லை. பேனாவைக் கையில் எடுத்ததும் நாம் ஆச்சியின் பிள்ளையாக இல்லாமற் போய், பாடப்புத்தகத்தின் பிள்ளையாகிவிட்டோம். கட்டம் நிரப்பப்பட்டிருந்தால், நீரிழிவுக்காரியான அம்மூதாட்டி கணினியின் கணக்கில் கடும் மனச்சோர்வுக்காரியாக ஏறியிருப்பார். எமது சந்தித் திருத்தமும் அதற்குச் சாட்சியாக நின்றிருக்கும்.

இந்த வினாக்கொத்துக்கள் எங்கிருந்து வந்தன என்பதை வாசகர்களுக்குக் கூறவேண்டும். நோயாளியின் நிலையை மருத்துவரே பார்த்துப் புள்ளியிடுவது முன்னாள் வழக்கம். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் கார்னொவ்ஸ்கி என்பார் புற்றுநோயாளருக்கென அமைத்த அளவுகோலில், நூறு என்றால் முறைப்பாடு எதுவுமற்ற நிலை. பூச்சியம் என்றால் மரணம். புள்ளியிடுபவர் மருத்துவர், படுத்திருப்பவருக்கு அங்கே வாயில்லை. 1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயில்லாமை மாத்திரம் சுகமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நிறைவுற்றிருப்பதே சுகம் என்று வரையறுத்தது. அப்படியானால் அந்நிறைவை யார் அறிவார்? வாழ்பவரே அறிவார். அவரைக் கேட்டே அளக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, ஐரோப்பியக் குழுவொன்று 1990 இல் வெளியிட்ட குறும்படிவமும், அமெரிக்காவில் 1992 இல் வெளியான முப்பத்தாறு வினாப் படிவமும் உலகெங்கும் பரவின. நோயாளி பேசட்டும் என்ற இந்தத் திருப்பத்தை நாம் மனமார வரவேற்கிறோம். அதில் ஐயமில்லை.

ஆனால் பேசு என்று சொன்னால் மட்டும் போதுமா? எந்த மொழியில் கேட்கிறோம் என்பதன்றோ பேச்சின் பாதி?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சில நாடுகளில் ஒரு புதிய மருந்துக்குப் பொதுப்பணம் செலவிடலாமா, கூடாதா என்பதை இப்படிவங்களின் புள்ளிகளைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். நோயாளர் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதோடு, அவ்வருடங்கள் எத்தகைய வருடங்கள் என்பதையும் பெருக்கிக் கூட்டும் கணக்கு அது. நாளை இங்கும் அக்கணக்கே பேசும். அப்போது ஆச்சியின் ‘எல்லா நேரமும்’ எந்த நிரலில் விழுந்தது என்பது சிறு காரியமாக இராது.

மொழிபெயர்ப்பைச் சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார். மூலத்தைக் காணாத இன்னொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுவார்கள். 1970 இல் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை ஆய்வுலகில் வேரூன்றியது. டொக்டரின் தாட்கட்டிலும் மீள்மொழிபெயர்ப்பு இருந்தது. எடுத்துப் பார்த்தோம். துயரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘வருத்தம்’ ஆகி, மறுபடியும் அதே ஆங்கிலச் சொல்லாகத் திரும்பியிருந்தது. ஆங்கிலம் புறப்பட்டது, ஆங்கிலம் வீடு திரும்பியது. வழியில் ஆச்சியை அது சந்திக்கவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் இருவரும் படித்தவர்கள், இருவரும் ஒரே புத்தகத் தமிழைப் பழகியவர்கள். அவர்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டதில் என்ன வியப்பு?

‘யோசனை’ என்ற சொல்லும் அப்படித்தான். சிந்தனைத் தெளிவைப் பற்றிய வினாவில் அது வந்தது. ‘நல்லாய் யோசிக்க முடியுதோ?’ என்று கேட்டால் எமது ஊர்ச்சனத்துக்கு அது கவலைப்படுதலைக் குறிக்கும். ஒருவரைத் தேற்றுகையில் ‘யோசியாதேங்கோ’ என்பதே எமது வழக்கு. நல்லாய் யோசிக்கிறேன் என்று ஆச்சி விடையளித்தால், அவர் கூறுவது இரவில் நித்திரையின்றிப் புரள்கிறேன் என்பது. படிவம் பதிவதோ அறிவுத் தெளிவுக்கு உயர்ந்த புள்ளி.

அமெரிக்க முப்பத்தாறு வினாப் படிவத்தின் மூலத்தில், மிதமான உடலுழைப்புக்கு எடுத்துக்காட்டாக மேசையை நகர்த்துதல், மின்சாரத் தூசுறிஞ்சியைத் தள்ளுதல், கோல்ப் ஆடுதல் ஆகியன வருகின்றன. பிற மொழிகளுக்கு அதைக் கொண்டுசென்றவர்கள் தத்தம் நாட்டுக்கு ஏற்ற வேலைகளைத் தேட நேர்ந்தது. இதைக் கூறியபோது ஆச்சி கேட்டார்: “அந்தத் தடியாலை பந்தடிக்கிறதோ? அது ஒரு வேலையோ?” தேங்காய் துருவுதலையும் கிணற்றில் நீர் அள்ளுதலையும் நாம் முன்மொழிந்தோம். கொழும்பில் கிணறு ஏது என்று டொக்டர் நினைவூட்டினார். ஊரில் ஆச்சிக்குக் கிணறு இருந்தது, மாடிப்படி இருக்கவில்லை. இங்கே மாடிப்படி இருக்கிறது, கிணறு இல்லை. அவருடைய முழங்காலுக்கு இரண்டும் தெரியும்.

மொழிபெயர்க்கும் முறையைத் தலைகீழாகத் தொடங்கியவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1991 இல் ஆரம்பித்த வாழ்க்கைத்தர ஆய்வில், ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு அனுப்புவது என்ற வழக்கம் கைவிடப்பட்டது. பதினைந்து நிலையங்கள் ஒருங்கே தொடங்கின. ஹராரே, பாங்கொக், பனாமா ஆகியவற்றோடு புதுடில்லியும் சென்னையும் அவற்றில் அடங்கும். நல்வாழ்வு என்றால் என்ன என்பதை ஒவ்வோர் இடத்திலும் பொதுமக்களையும் நோயாளரையும் கூட்டி வைத்துக் கேட்டார்கள். முதற் சோதனைக்கு 236 வினாக்கள்; நிலையத்துக்குக் குறைந்தது 300 பேர். அவற்றிலிருந்து நூறு வினாக்கள் தேறின. பின்னர் 1998 இல் இருபத்தாறு வினாச் சுருக்கம் வந்தது. விடைச் சொற்களைக்கூட அவர்கள் அகராதியில் தேடவில்லை. ‘சிறிதும் இல்லை’ என்பதற்கும் ‘மிக அதிகம்’ என்பதற்கும் இடையே பத்துச் சென்ரிமீற்றர் கோடொன்றை வரைந்து, ஒவ்வொரு சொல்லும் கோட்டில் எங்கே விழும் என்று மக்களையே குறிக்கச் செய்தார்கள். ‘ஓரளவு’ என்பது பாதியா, பாதிக்குக் குறைவா என்பதை நாம் வாதிட்டுத் தீர்க்க முடியாது. சந்தைக்குப் போகிறவர்தான் தீர்க்கவேண்டும்.

இவ்வாறு தமிழும் அந்த உலக முயற்சியில் முதல் வரிசையில் நின்றது. பெருமைதான். எனினும் சென்னையில் கூடியிருந்தோர் சென்னையைச் சூழ்ந்த மக்கள். அவர்கள் உழைப்பின் பயனை நாம் அப்படியே எடுத்து வெள்ளவத்தையில் பரிமாறினால், குறை அவர்களுடையதாகுமா? ‘தமிழ்’ என்று படிவத்தின் தலையில் ஒரே சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் கீழே யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மலையகமும் முஸ்லிம் மக்களின் தமிழும் ஒரு பாயில் படுக்கவைக்கப்படுகின்றன.

அடுத்த ஞாயிறு டொக்டரும் நாமுமாக இரண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜம்பட்டா வீதியை அண்டிய ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே பொதுக்குழாயடியில், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவர் எமக்காகக் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவராம். ‘வருத்தம்’ என்றதும் அவர் தமது இறந்துபோன மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். ஆச்சிக்குப் பொருந்தாத சொல் இங்கே அச்சொட்டாகப் பொருந்தியது. ஒரே நகரம்; இரண்டு பஸ் தூரம்.

ஆனால் எம்மைத் திகைக்கவைத்தது அதுவன்று. உடல்நோவு உங்கள் வேலையை எவ்வளவு தடுக்கிறது என்பது அடுத்த வினா. கொட்டாஞ்சேனைக்காக ‘நோ’வை ‘வலி’யாக மாற்றித்தான் கேட்டோம். அவர் சிரித்தார்.

“தடுக்கவே இல்லீங்க ஐயா.”

முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இடுப்பில் துணிப்பட்டி கட்டியிருந்தார். டொக்டர் மீண்டும் கேட்டார்.

“வலி இருக்குங்க. வலியோடதான் தூக்குறேன். தூக்காட்டி அன்னைக்குச் சம்பளம் இல்லயே. அது எப்படித் தடுக்கும்?”

கட்டம் நிரப்பப்பட்டது: ‘சிறிதும் இல்லை’. உயர்ந்த புள்ளி. எமது வீதியில் ஓய்வூதியம் பெறும் லிகிதர் ஒருவர், இதே வினாவுக்கு முதுகு நோவினால் பத்திரிகை வாசிக்கக்கூட முடியவில்லை என்று கூறித் தாழ்ந்த புள்ளி பெற்றிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. நோவு வந்தாற் படுக்க அவருக்கு ஒரு கட்டிலும் மாதாமாதம் ஒரு பணமும் இருக்கின்றன. ஆகவே கணக்கின்படி வெள்ளவத்தை லிகிதர் நோயாளி. கொட்டாஞ்சேனை நாட்டாமை திடகாத்திரர். மருந்தையும் உடற்பயிற்சி வைத்தியரையும் எங்கே முதலில் அனுப்புவது என்று இத்தாள்களை வைத்து எவராவது தீர்மானித்தால், அவர் வெள்ளவத்தைக்கே அனுப்புவார்.

இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரி. வேலையை விட்டு இருக்க முடிந்தவனுக்கே நோவு வேலையைத் தடுக்கும் என்பது வினாவை எழுதியவர்களின் உலகத்தில் எழாத பிரச்சினை. 1998 இல் ஹேர்ட்மனும் அவரது கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையொன்று, மொழிபெயர்த்த வினாக்கொத்து மூலத்துக்கு ஒத்ததா என்று பார்க்க ஆறு வகை ஒப்புமையைச் சோதிக்கவேண்டும் என்கிறது. சொற்பொருள் ஒப்புமை அவற்றுள் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னதாக, குறித்த கருத்தே அந்த மக்களிடம் அதே வடிவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். இக்கட்டுரையை டொக்டர் எமக்கு விளக்கியபோது, வர்க்கம் என்ற சொல்லை அதற்குள் தேடினோம். கருத்து நாட்டுக்கு நாடு மட்டுமா வேறுபடும்? ஒரு நகரத்துக்குள், ஒரு மொழிக்குள், கூலி பெறும் முறைக்கேற்பவும் வேறுபடுகிறதே!

புள்ளியியலார் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று மாணவ வாசகர் கேட்கக்கூடும். நம்பகம், தகுதி என இரண்டைச் சோதிக்கிறார்கள். வினாக்கள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்று பார்க்கும் கெழு ஒன்றை 1951 இல் குறொன்பாக் என்பவர் வகுத்தார். அது உயர்ந்திருந்தால் மகிழ்வார்கள். ஆனால் எல்லா வினாவையும் ஒருவர் ஒரே வகையாகப் பிழைபட விளங்கிக்கொண்டாலும் அந்த எண் உயர்ந்தே நிற்கும். இரண்டு கிழமை கழித்து மறுபடி கேட்டு விடை மாறவில்லையா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. 2022 இல் இந்நாட்டில் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்! போக்குவரத்து வசதி திருப்தியா, தேவைக்குப் போதிய பணம் உண்டா என்ற வினாக்களுக்கு, எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவன் தந்த விடை இரண்டு கிழமைக்கு நிலைத்திருக்குமா? விடை மாறினால் வினாக்கொத்து நம்பத்தகாதது என்றுதான் சூத்திரம் சொல்லும்.

விடை சொல்லும் முறையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘மிக நல்ல சுகம்’ என்று வாய்விட்டுக் கூற எமது சனம் அஞ்சும், நாவூறு பட்டுவிடும். ‘கடவுளே எண்டு இருக்கிறன்’ என்பதே மிகச் சுகமானவரின் விடை. வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டாலோ நிலைமை நேர்மாறு; குறை சொன்னால் கிளினிக்கில் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் ‘எல்லாம் நல்லம் டொக்டர்’ என்பார்கள். விதவையரிடம் கேட்கக் கூசும் வினாவொன்றும் இருந்தது. நாம் அதை வாசிக்கவில்லை, டொக்டரும் வற்புறுத்தவில்லை.

இலங்கையில் இவ்விடயத்தில் வேலை நடக்கவில்லை என்று எவரும் எண்ணவேண்டாம். பல்நோய் வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது என்று கேட்கும் பதினான்கு வினாப் படிவத்தை லிலானி ஏக்கநாயக்காவும் இரோஷா பெரேராவும் சிங்கள முதியோரிடையே சோதித்து 2003 இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னரே, 2000 ஆம் ஆண்டில், மனநல மருத்துவர் அத்துல சுமதிபால, மறே என்பாருடன் சேர்ந்து, மொழிபெயர்ப்பை ஒரு தனியாளிடம் விடாமல், பல பின்னணி கொண்ட பலரிடம் தனித்தனியே தந்து, பிறகு கூடியிருந்து வாதாடித் தேர்ந்தெடுக்கும் முறையொன்றை விளக்கினார். எமக்கு அது பிடித்திருக்கிறது. பண்டிதர் ஒருவரின் சிவப்புப் பேனாவுக்கு அங்கே தனி அதிகாரம் கிடையாது.

தமிழர் மத்தியிலும் ஒரு நல்ல முயற்சி உண்டு. வடக்குக் கிழக்கில் போரால் இடருற்ற மக்கள் தம் துன்பத்தைத் தாமே விவரித்த சொற்களைச் சேகரித்து அவற்றிலிருந்தே ஒரு வினாக்கொத்தை ஆய்வாளர் சிலர் அமைத்தார்கள். 2012 இல் வெளியான அவர்களது முடிவு: மேல்நாட்டுப் படிவங்களின் மொழிபெயர்ப்பு எட்டாத ஒன்றை, அதாவது அன்றாடக் காரியங்களில் ஒருவர் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்பதை, மண்ணிலிருந்து எடுத்த சொற்கள் கூடுதலாகப் பிடித்துக் காட்டின. பெருமூச்சும் அந்தரமும் ஏலாமையும் நோய்க்குறிகள் என்பதை ஊரறியும். படிவம் இப்போதுதான் அறிகிறது.

இதையெல்லாம் எண்ணும்போது எமக்கு 1960களின் முற்பகுதி நினைவுக்கு வராமலில்லை. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதலாமா என்று இலங்கைத் தமிழிலக்கிய உலகில் நடந்த மரபுப் போராட்டத்தை இவ்வாசகர்கள் படித்திருப்பார்கள். அது இழிசனர் வழக்கு என்றார்கள் ஒரு சாரார். மண்வாசனை வேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர்கள் வாதிட்டு வென்றார்கள். கதையில் வென்ற அந்தப் பேச்சு இன்னும் கிளினிக்கின் வாசலைத் தாண்டவில்லை. எமது தவறும் அதில் உண்டு. 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தைக் கண்டவர்கள் நாம். 1987 இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்படும்வரை காத்திருந்தவர்கள். தமிழில் ஒரு படிவம் கிடைத்தாலே கைகூப்பி வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டோம். அந்தத் தமிழ் யாரைக் கேட்கிறது என்று வினவும் பழக்கம் எமக்கு வரவில்லை.

டொக்டர் வேலையைத் தொடங்கும் திகதியைத் தள்ளிவைத்தார். ஆய்வுக்குப் பணம் தருவோர் முகம் சுளித்ததாகக் கேள்வி. ‘வருத்தம்’ போய்விட்டது, வடக்கத்தவருக்கு ‘மனக்கவலை’ என்றும், மற்றையோருக்குக் கேட்டறிந்து பின்னர் எழுதுவது என்றும் குறித்துக்கொண்டோம். நோவு தடுக்கிறதா என்ற வினாவுக்குக் கீழே, நோவோடு எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தால் பிற நாட்டுப் புள்ளிகளோடு ஒப்பிட முடியாதாம். ஆகவே அதைத் தனியே வைத்துக் கணக்கிடுவார்கள். அவ்வளவுக்காவது இடம் கிடைத்ததே.

முதலாம் வினாதான் இன்னும் தீரவில்லை. ‘உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?’ என்று படிவம் தொடங்குகிறது. நாட்டாமையிடம் கேட்டபோது அவர் அரிசி விலையையும் மின்சாரக் கட்டணத்தையும் சொன்னார். எமது தொழிற்சங்க மேடைகள் பல்லாண்டாக அச்சொல்லுக்குத் தந்த பொருள் அதுதான். அவர் விடை தவறென்று நாம் எப்படிக் கூறுவது? ‘சீவியம் எப்பிடிப் போகுது?’ என்று மாற்றினோம். ஆச்சிக்கு அது உடனே விளங்கியது. அரை மணி நேரம் பேசினார். கொட்டாஞ்சேனையில் நாட்டாமையின் மனைவி குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, “சீவியம்னா கோயில்ல சாமியார் சொல்றது. பொழப்புன்னு எழுதுங்க” என்றார். அவர் கணவரோ, பொழப்பு வேறு, வாழ்க்கை வேறு என்று அவரோடு வாதாடத் தொடங்கினார். டொக்டர் இரண்டு சொல்லையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம்.